கம்பியில் குத்திய சொல்

அரியதரப் பலகாரத்துக்குப் பாகு பார்க்கத் தெரிந்தவர்கள் வேலணையில் நாலைந்து பேர்தான். மீனாம்பிகையைக் கேட்டால் அந்த நாலைந்தையும் ஒன்றாகக் குறைத்துவிடுவாள். கலியாண வீடு என்றால் பத்து நாளுக்கு முன்பே வந்து குசினியைக் கைப்பற்றிக்கொள்வது அவள் வழக்கம். 1977ஆம் ஆண்டு ஆவணியில் நாகபூசணி வீட்டுக் குசினியும் அப்படித்தான் அவள் கைக்குப் போயிருந்தது.

அந்த வருஷம் கச்சான் காற்று அடங்குவதாக இல்லை. வெட்டை வெளியிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வந்து வேலிக்கு மேலால் கொட்டியது. வீட்டுக் கிணறு உவர்த்துப் போயிருந்தது. பலகாரத்துக்கு வேண்டிய நல்ல தண்ணீரைக் கோயில் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தார்கள். அடுப்பை ஓலைத் தட்டி கட்டி மறைத்தும் நெருப்பு ஒரு பக்கமாகவே சாய்ந்து எரிந்தது.

"பெரிய மாமி இழுத்துக்கொண்டு கிடக்கிறா," என்றாள் மீனாம்பிகை, அகப்பையிலிருந்து பாகு நூலாக விழுகிறதா என்று பார்த்தபடி. "நேற்றுப் போய்க் காதுக்குள்ளை சொல்லிப்போட்டு வந்தனான். மாமி, இன்னும் பத்து நாளைக்கு மூச்சை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கிடவுங்கோ. துடக்கு வந்தால் பூசணியின்ரை பெட்டையின்ரை கலியாணம் குழம்பிப்போம். அதுக்குப் பிறகு உங்கடை இஷ்டம் எண்டு."

"சும்மா இரப்பா. அந்த மனிசிக்குக் கேட்டிருக்கும்."

"கேட்டதுதான். கண்ணை முழிச்சு, பலகாரம் அனுப்புவியோ எண்டு கேட்டா."

நாகபூசணி சிரித்தாள். சிரித்தாலும் அவள் விரல்கள் நாளை எண்ணின. சாவு வீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு, முப்பத்தொரு நாள். நாள் பார்த்திருப்பது ஆவணியின் கடைசி முகூர்த்தம். புரட்டாதியில் யாரும் கலியாணம் செய்வதில்லை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. ஐப்பசி முதல் கிழமை ஏறினால் இரண்டு வருஷத்துக்குக் கரையைக் காணமாட்டான். இரண்டு வருஷம் காத்திருக்க அவன் தாய் சம்மதிக்கமாட்டாள் என்பதைத் தரகர் முதல் நாளே சொல்லிவிட்டார். அப்பன் எங்கே என்று தெரியாத பெண்ணுக்கு இந்தச் சம்பந்தம் பொருந்தி வந்ததே பெரிய காரியம்.

அப்பன் எங்கே என்பதுதான் அந்த வீட்டின் பத்தொன்பது வருஷக் கேள்வி.

செல்வரத்தினம் தெற்கே ஒரு சிறு பட்டினத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தான். வருஷத்தில் இரண்டு தடவை ஊருக்கு வருவான். சிங்களம் மட்டும் சட்டம் வந்த ஐம்பத்தாறாம் ஆண்டுக்குப் பிறகு கடைக்குக் கல் விழுவதும் ஓய்வதுமாக இருந்தது. ஐம்பத்தேழு கார்த்திகையில் வந்து மார்கழியில் திரும்பிப் போகும்போது, ஊர்காவற்றுறை இறங்குதுறையில், மோட்டார் வள்ளத்தில் ஒரு காலை வைத்தபடி அவன் மனைவியிடம் சொன்னான்: "ஏதும் குழப்பம் வந்தால் கண்டவனும் வந்து கண்டதையும் சொல்லுவான். காசு கேப்பான், நகை கேப்பான். ஆரையும் நம்பாதை. நான் அனுப்பின ஆளெண்டால் இந்தச் சொல்லைச் சொல்லுவான். எழுதி வையாதை. மனசுக்குள்ளை வை." பிறகு அந்தச் சொல்லைச் சொன்னான். வாடைக் காற்று முகத்தில் அடித்தது. வள்ளத்தின் இயந்திரம் இரைந்தது. இன்னொரு முறை சொல்லச் சொல்வதற்குள் வள்ளம் கரையை விட்டுவிட்டது.

பூவரசி.

அப்படி ஒரு பெயரை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. கலியாணமாகி மூன்று வருஷத்தில் "இஞ்சரும்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லிக் கூப்பிடாத மனிதர், தன்னைத்தான் மனசுக்குள் இப்படிக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை அந்தச் சொல் நாக்கில் இனித்தது. வந்த பிறகு, மறந்துவிடுமோ என்று பயம் பிடித்தது. அப்போது அவளுக்கு மூன்றாவது கர்ப்பம். முந்திய இரண்டும் தங்கவில்லை. எல்லாமே கை நழுவும் என்ற பயம் அவளுக்கு எந்நேரமும் இருந்தது. கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் முதுகில் பென்சிலால் எழுதி, மற்றக் கடிதங்களோடு கம்பியில் குத்திவிட்டாள்.

எல்லார் வீட்டிலும் அந்தக் காலத்தில் அப்படியொரு கம்பி இருந்தது. அடியில் வட்டப் பலகை, மேலே கொக்கியாக வளைந்த நுனி. வந்த கடிதத்தை வாசித்ததும் குத்தி, சுவர் ஆணியில் மாட்டிவிடுவார்கள். அதன் பிறகு தை, மாசி, பங்குனி, சித்திரை மாதக் கடிதங்கள் அந்தத் தாளுக்கு மேல் ஏறின. அப்படி ஒரு தாள் எழுதியதையே அவள் மறந்துபோனாள்.

ஐம்பத்தெட்டு வைகாசியில் தெற்கே தமிழருக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. ஆனியில் அகதிகள் காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்து இறங்கினார்கள். செல்வரத்தினம் வரவில்லை. ஆனி மூன்றாம் தேதி கொழும்பிலிருந்து தந்தி வந்தது. தபால்காரர் பஸ்ரியாம்பிள்ளை சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு, வாசித்துச் சொன்னார்: சுகமாக இருக்கிறேன், பிறகு வருவேன், தேட வேண்டாம்.

"கடைசியிலை என்னவோ ஒரு பேர் கிடக்குது, தங்கச்சி. பூவரசி. ஆரது?"

"அது நான்தான்," என்றாள் நாகபூசணி. பதினொரு நாளாகச் சோறு இறங்காத தொண்டையில் அன்றைக்குக் கஞ்சி இறங்கியது. ஆவணியில் ஞானசவுந்தரி பிறந்தாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை. தேட வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று ஊர் தானே தீர்மானித்துக்கொண்டது: அங்கே ஒருத்தி இருக்கிறாள். பஸ்ரியாம்பிள்ளை மட்டும் முதல் சில வருஷம், "பூவரசியம்மாவுக்கு இண்டைக்கும் ஒண்டுமில்லை" என்று பகிடியாகச் சொல்லிக்கொண்டு போவார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார். நாகபூசணி நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும், புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைத்தும், பனங்கிழங்கை ஒடியலாகக் காயப்போட்டும், தம்பி அரியநாயகம் மாதாமாதம் கொண்டுவந்து கொடுத்ததை வைத்தும் மகளை வளர்த்தாள். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஒரே ஒரு அத்தாட்சி அந்தச் சொல். தந்தி வருமுன் அது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சொல்.

பாகு இறங்கிய நேரம் படலையில் யாரோ இருமினார்கள்.

"ஆரது?"

"நெடுந்தீவு ஆழ்வாப்பிள்ளை. செல்வரத்தினம் முதலாளியின்ரை கடையிலை நிண்டனான்."

நாகபூசணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெயர் அவளுக்குத் தெரியும். 'ஆழ்வாப்பிள்ளையின் மீன்குழம்பு உம்முடைய குழம்புக்குக் கிட்டவும் வராது' என்று ஒரு கடிதத்தில் இருந்தது. வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். யாரோ கொடுத்த சட்டை, தோள் தொங்கியது. தெற்கே மறுபடி கலவரம் மூண்டு, போன கிழமைக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய அகதிகளில் ஒருவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. விறாந்தையில் கதிரை போட்டாள். அவர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு அவள் நெற்றியைப் பார்த்தார்; உடனே கண்ணைத் தாழ்த்தினார்.

"முதலாளி வந்தவரோ, அம்மா?"

"இன்னும் இல்லை, அண்ணை. தந்திதான் வந்தது."

"அந்தத் தந்தியைப் பற்றித் தெரியும். அப்ப நானும் கப்பலிலை வந்து, ஊர்காவற்றுறையிலை நெடுந்தீவு வள்ளத்துக்கு நிண்டனான். இஞ்சை வந்து உங்களைக் கண்டிட்டுத்தான் போறதெண்டு இருந்தனான். ஒரு கிழவர் சொன்னார், சுருட்டுக்கடைச் செல்வரத்தினத்திட்டை இருந்து தந்தி வந்திட்டுது, ஆள் உயிரோடை எண்டு. அதிலேயே குந்தியிருந்து அழுதனான்."

"ஏன் அழுதனீங்கள்?"

"சந்தோசத்திலை. நான் பிழையாப் பாத்திட்டன் எண்ட சந்தோசம்."

குசினியில் மீனாம்பிகை எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் சீராக வந்தது.

"என்ன பாத்தனீங்கள்?"

ஆழ்வாப்பிள்ளை உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்தார். "கடையைக் கொளுத்தினாப் பிறகு நானும் முதலாளியும் பின்னாலை ஓடினனாங்கள். அங்கை தேங்காய் மட்டை ஊறப்போடுற குழியள் இருக்கு. நாத்தத்துக்கு ஒருத்தரும் கிட்ட வராயினம். அதுக்குள்ளை கழுத்தளவு தண்ணியிலை நிண்டம். அவருக்குப் பின்மண்டையிலை அடி. ஒரு பகல் முழுக்க நிண்டார். தண்ணி, தண்ணி எண்டார், அம்மா. கழுத்தளவு தண்ணியுக்கை நிண்டுகொண்டு. அதைக் குடிக்க ஏலாது. என்ரை கைக்குள்ளைதான் கிடந்தவர். கை குளிர்ந்துபோச்சு. மூச்சு நிண்டது. வைகாசி பதினாலாம் தேதி. நான் விட்டிட்டு ஓடிட்டன். எரிக்கவுமில்லை, புதைக்கவுமில்லை. மட்டையாலை மூடிப்போட்டு ஓடிட்டன்."

"தந்தி வந்தது ஆனி மூண்டு," என்றாள் நாகபூசணி.

"அதுதான் நானும் சொல்லிக்கொண்டனான். மூச்சு நிண்டது எண்டு எனக்கு என்ன தெரியும், நான் டாக்குத்தரோ? மயக்கமாயிருக்கும், பிறகு எழும்பியிருப்பார், ஆரும் காப்பாத்தியிருப்பினம். அப்பிடி நினைச்சால் எனக்கு நித்திரை வரும். திரும்பவும் அங்கையே போய் வேறை கடையிலை நிண்டன். இந்த முறை அந்தக் கடையையும் கொளுத்தினாங்கள். ஓடேக்கை அதே குழியடியாலைதான் ஓடினனான். அதுக்குப் பிறகு ஏலாமல் போச்சு. அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் நான் சாக ஏலாது."

"என்ன சொல்லச் சொன்னவர்?"

"'ஆழ்வார், நீ தப்பினால் வேலணைக்குப் போ. அவ லேசிலை நம்பமாட்டா. ஒரு சொல்லு இருக்கு, அதைச் சொன்னால் நம்புவா' எண்டார்."

காற்று ஒருமுறை வேலியை உலுக்கிவிட்டுப் போனது.

"பூவரசு," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"பூவரசி," என்று அவள் திருத்தினாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

"இல்லை, அம்மா. பூவரசு. மரம். படலையடியிலை நிக்குது, நான் வைச்ச கதியால், இனி மரமா வந்திடும் எண்டும் சொன்னவர். இண்டைக்கும் அதைப் பாத்துத்தான் வீடு பிடிச்சனான்."

படலையில் பூவரசு நின்றது. வேலிக்கு நட்ட தடி வேர்விட்டு, இப்போது இரண்டு கை சேர்த்தாலும் பிடிக்க முடியாத மரம். கச்சான் அதன் இலைகளைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தது. தினமும் அதன் சருகைக் கூட்டி அள்ளுகிறவள் அவள். வீட்டுக்காரன் ஊரை விட்டுப் போகிற அவசரத்தில், மனக்கண்ணில் வருகிற எதையாவது அடையாளச் சொல்லாகச் சொல்லியிருக்கிறான். தன் கையால் நட்ட மரத்தைச் சொல்லியிருக்கிறான். வாடைக் காற்று கடைசி எழுத்தைக் கொண்டுபோய்விட்டது.

அவள் அழவில்லை. "கொஞ்சம் இருங்கோ, அண்ணை," என்று உள்ளே போனாள்.

கம்பி அலுமாரிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கடிதம் வராத வீட்டில் கம்பிக்கு வேலையில்லை. கொக்கியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினாள். மேலே தந்தி. அதன் கீழே சித்திரை, பங்குனி, மாசி, தை. காகிதங்கள் நொறுங்கின, கம்பி குத்திய இடத்தில் எல்லாவற்றிலும் துருவின் வட்டம். அதன் கீழே கலண்டர் தாள் இருந்தது. 'அவர் சொன்ன சொல்' என்று மேலே எழுதி, கீழே கோடு போட்டு, கோட்டின் கீழ் 'பூவரசி'.

தந்தியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுத்துக்கள் தெரியும். கடைசிச் சொல்லின் கடைசி எழுத்து ஒற்றைக் கோடாக நின்றது. ஐ. அவள் விட்ட பிழை, அவள் விட்ட அதே இடத்தில், இங்கிலீசில் இருந்தது. அவர் அனுப்பியிருந்தால் அது மரமாக வந்திருக்கும். அவளை அப்படிக் கூப்பிட்டவள் அவளேதான். இந்தத் தாளைப் பார்த்தவன் அதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறான்.

யார் பார்த்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஐம்பத்தெட்டு ஆனி பிறந்து ரயில் ஓடத் தொடங்கியதும், அத்தானைத் தேடிக் கொழும்புக்குப் போவதற்கு முதல்நாள், அரியநாயகம் இந்த அலுமாரியடியில் நின்று கேட்டான்: "அக்கா, கடை விலாசம் எங்கை?" அவள் பாயில் கிடந்தபடியே, "கம்பியிலை பார்," என்றாள். இன்னொன்றும் சொன்னாள். "என்ன சேதி கொண்டந்தாலும் அந்தச் சொல் இல்லாட்டி நான் நம்பன்." பூட்டையும் காட்டி, திறப்பையும் கையில் கொடுத்திருக்கிறாள்.

ஆழ்வாப்பிள்ளைக்குச் சோறு போட்டாள். போகும்போது, "இதை ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ, அண்ணை. நான் சொல்லி அனுப்புமட்டும்," என்றாள். அவர் பந்தலுக்கு நட்டிருந்த கமுக மரங்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார், படலையில் பூவரசில் ஒரு கையை வைத்து நின்றுவிட்டுப் போனார்.

"ஆரடி அது?" என்றாள் மீனாம்பிகை.

"அகதி. பசி எண்டார்."

அடுத்த நாள் பின்னேர பஸ்ஸில் அரியநாயகம் வந்தான். யாழ்ப்பாணத்தில் கிளாக்கர் வேலை. நாற்பத்தொரு வயதிலேயே தலை வெளுத்துவிட்டது. கூறைச் சேலையைக் கடுதாசியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். ஞானசவுந்தரி சட்டை அளவுக்குத் தையல்காரி வீட்டுக்குப் போயிருந்தாள். மீனாம்பிகை தண்ணீருக்குப் போயிருந்தாள். நாகபூசணி விறாந்தையில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நிறம் பாரன், அக்கா. மாம்பழக் கரை. கடைக்காரன் வேறை ஆருக்கோ எடுத்து வைச்சதை நான் சண்டை பிடிச்சு வாங்கினனான்."

"வடிவாயிருக்கு. இரு." சுளகைத் தட்டினாள். "நேற்று ஆழ்வாப்பிள்ளை எண்டு ஒராள் வந்தவர். அத்தான்ரை கடையிலை நிண்டவர்."

அரியநாயகம் கடுதாசியை மடிக்கத் தொடங்கினான். ஒழுங்காக, விளிம்போடு விளிம்பு வைத்து மடித்தான்.

"அத்தான் வைகாசி பதினாலு செத்துப்போனார். மட்டை ஊறப்போடுற குழியிலை. சொல்லையும் கொண்டந்தவர். அது பூவரசி இல்லையடா, தம்பி. பூவரசு. எனக்குப் பிழையாக் கேட்டிருக்கு."

அவன் கை நின்றது.

"எனக்குப் பிழையாக் கேட்டது, நான் பிழையா எழுதினது. தந்தியிலையும் அதே பிழை. இப்ப நீ சொல்லு."

வெளியே ஆட்டுக்குட்டியொன்று கத்தியது. அரியநாயகம் கதிரையிலிருந்து இறங்கி, அவளுக்கு எதிரில் நிலத்தில் இருந்தான்.

"செத்தது எனக்குத் தெரியாது, அக்கா. கொழும்பிலை மொத்த வியாபாரிதான் சொன்னார், கடை எரிஞ்சது, ஆக்கள் தப்பேல்லை எண்டு. பேர் ஒண்டும் இல்லை. நான் தபால் கந்தோருக்கு முன்னாலை நிண்டன். நீ பதினொரு நாள் சாப்பிடேல்லை. மருத்துவிச்சி எனக்குத்தான் சொன்னவ, வயித்திலை பிள்ளை அசையுறது குறைஞ்சுபோச்சு, ரெண்டு உயிரும் போகப்போகுது எண்டு. எனக்கு இருபத்திரண்டு வயசு. சும்மா சுகம் எண்டு தந்தி அடிச்சால் நீ நம்பமாட்டாய். அந்தச் சொல் வேணும் எண்டாய்."

"சொல்லைக் களவெடுத்தாய்."

"களவெடுக்கேல்லை, அக்கா. நீதான் கம்பியைத் தந்தனீ. விலாசம் தேடி ஒவ்வொண்டாப் புரட்டினன். மேலை தலைப்புப் போட்டு, கீழை கோடும் போட்டு எழுதி வைச்சிருந்தாய். எங்கடை வாத்தியார் கரும்பலகையிலை எழுதின மாதிரி." அவன் உதடு சிரிப்பதுபோலக் கோணியது, சிரிப்பாக வரவில்லை. "பிள்ளை பிறந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். பிள்ளைக்கு முப்பத்தொண்டு நாள் கழியட்டும் எண்டன். பால் வத்திப்போகும் எண்டு பயந்தன். பிள்ளை நடக்கட்டும் எண்டன். ஒவ்வொருமுறை வரேக்கையும் நீ பொட்டோடை வந்து படலையைத் திறப்பாய். எப்பிடிச் சொல்லுறது? நானே ஒரு கட்டத்திலை நம்பத் தொடங்கிட்டன். அத்தான் எங்கையோ இருக்கிறார், வராமல் இருக்கிறார் எண்டு. ரெண்டொருக்கா அவரிலை கோபமும் வந்தது."

நாகபூசணி சுளகை நிலத்தில் வைத்தாள்.

"பத்தொன்பது வருஷம் அவருக்கு ஒரு திவசம் இல்லை. ஒரு பிடி சோறு இல்லை. தண்ணி கேட்டவராம். நான் ஒரு சிரட்டைத் தண்ணி இறைச்சு விடேல்லை. நான் இஞ்சை மஞ்சள் பூசிக் குளிச்சுக்கொண்டு இருந்தனான்."

"அக்கா..."

"அழாதை. பெட்டை வந்திடுவாள்." அவளே அவன் கண்ணை முந்தானையால் துடைத்தாள், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல, கொஞ்சம் முரட்டுத்தனமாக. "இப்ப வெளியிலை தெரிஞ்சால் துடக்கு. கலியாணம் நிக்கும். அவன் கப்பல் ஏறிடுவான்."

"தெரியவேண்டாம், அக்கா. எப்பவும் தெரியவேண்டாம். இப்பிடியே விடு."

"கலியாணமட்டும் மறைப்பம். நீ எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்யப்போறன். எவ்வளவு லேசாயிருக்கு, பாத்தியே? ஒரு யோசினையும் வேண்டியிருக்கேல்லை." காற்றில் சேலைக் கடுதாசி சரசரத்தது. "ஆனால் எப்பவும் இல்லை. தகப்பன் வர விருப்பமில்லாமல் விட்டவர், அங்கை ஒருத்தியோடை இருக்கிறார் எண்டு கேட்டுக்கேட்டு வளர்ந்த பெட்டை. அவர் வர ஏலாமல் போனவர். அது அவளுக்குத் தெரியவேணும். நாலாஞ் சடங்கு முடிஞ்ச அண்டைக்கு யாழ்ப்பாணத்திலை இருந்து தந்தி அடி. உண்மையை அடி. அம்பத்தெட்டு வைகாசி பதினாலு எண்டு அடி, ஆழ்வாப்பிள்ளை கண்டது எண்டு அடி."

"தந்தி என்னத்துக்கு? ஆழ்வாப்பிள்ளையே வந்து எல்லாருக்கும் சொல்லட்டுமே."

"அவர் வாயை ஆர் நம்புவினம்? தந்தி வந்துதான் அத்தான் உயிரோடை இருந்தவர். தந்தி வந்துதான் சாகவும் வேணும்."

அரியநாயகம் பயற்றில் கிடந்த கல்லொன்றைப் பொறுக்கி எறிந்தான்.

"அந்தச் சொல்லையும் போடவோ?"

"கடைசியிலை போடு."

"கடைசி எழுத்து யு, என்ன?"

"அது உனக்குத்தான் தெரியும். நீதானே படிச்சனீ."

அந்த எட்டு நாளும் நாகபூசணி மத்தியானச் சோறு எடுக்கும்போது ஒரு பிடியை வாழையிலைத் துண்டில் வைத்து, ஒரு தேங்காய்ச் சிரட்டை நல்ல தண்ணீரோடு கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். "அமாவாசையுமில்லை, ஒண்டுமில்லை, காகத்துக்கு ஏன் வைக்கிறாய்?" என்றாள் மீனாம்பிகை. "அரை மைல் சுமந்த தண்ணியடி அது, காகத்துக்கே?"

"கலியாண வீடு. எல்லாரும் சாப்பிடட்டுமே."

காலையில் கண்ணாடிக்கு முன் நின்று குங்குமத்தைத் தொடும்போது விரல் நெற்றிக்கும் செப்புக்கும் இடையில் நின்றுவிடும். யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டாள். மட்டை ஊறும் நாற்றம் கிணற்றடியில் வந்தது, சேலைப் பெட்டியில் வந்தது, பலகாரம் பொரித்த எண்ணெயிலும் வந்தது. மீனாம்பிகையைக் கேட்டாள். "எண்ணெய் நல்ல எண்ணெய்தானே? உனக்குத்தான் மூக்கு இல்லை," என்றாள் அவள். பூவரசு இரவும் பகலும் இரைந்தது. அத்தனை வருஷம் அது வெறும் காற்றுச் சத்தமாகத்தான் அவளுக்குக் கேட்டது. இப்போது அது தன் பெயரின் கடைசி எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல, சு, சு என்றது.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. அரியநாயகமும் அவன் மனைவியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். மேளம் அடங்கிய இடைவெளியில் ஐயர், "ஆலாத்திக்குச் சுமங்கலியள் வாருங்கோ," என்றார். யாரும் நாகபூசணியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய காரணம் யாருக்கும் இல்லை. தம்பி மட்டும் பார்த்தான். அவள் எழுந்து போய் மகளுக்கும் மருமகனுக்கும் முன்னால் தட்டைப் பிடித்தாள். சூடம் தட்டில் சாய்ந்து எரிந்தது. காலில் விழுந்து எழுந்த ஞானசவுந்தரி, தாயின் காதருகில், "அப்பாவுக்குக் கட்டாயம் ஆரும் சொல்லியிருப்பினம், என்னம்மா?" என்றாள்.

"அவருக்குத் தெரியும்," என்றாள் நாகபூசணி.

நாலாஞ் சடங்குக்கு மறுநாள் முற்பகல், பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மீனாம்பிகை மிஞ்சின பலகாரத்தைப் பெரிய மாமிக்கென்று பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கிழவி வாக்குத் தவறாமல் உயிரோடு இருந்தாள். பூவரசில் சைக்கிள் சாத்துகிற சத்தம் கேட்டது. பஸ்ரியாம்பிள்ளை அடுத்த தையோடு வேலையிலிருந்து இளைப்பாறுகிறவர். காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். உறை திறந்திருந்தது. வாசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"தங்கச்சி, கதிரையிலை இரும்."

"நிண்டுகொண்டே கேக்கிறன், அண்ணை. வாசியுங்கோ."

ஞானசவுந்தரி குசினி வாசலுக்கு வந்தாள். பின்னால் மருமகனும் வந்து நின்றான். பஸ்ரியாம்பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தமிழ்ப்படுத்தினார். செல்வரத்தினம், ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டு, வைகாசி பதினாலு, கலவரத்தில் காலமானார். நெடுந்தீவு ஆழ்வாப்பிள்ளை கண்ட சாட்சி.

மீனாம்பிகையின் பெட்டி கையிலிருந்து விழுந்தது. ஞானசவுந்தரி சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அப்பா... நான் பிறக்க முந்தியே..." என்றாள். நாகபூசணி அவளிடம் போகவில்லை. கையை நீட்டித் தந்தியை வாங்கினாள். எழுத்துக்களின் மேல் விரலை வைத்து, கடைசி வரியின் கடைசிச் சொல்லுக்கு வந்தாள். அதன் முடிவில் கோடு இல்லை. வாய் திறந்த ஒரு சிரட்டை போல அந்த எழுத்து இருந்தது.

"முந்தி ஒருக்கா வந்த தந்தியிலையும் இந்தச் சொல் இருந்தது, எனக்கு ஞாபகம்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை தயங்கி. "இதிலை பூவரசு எண்டு கிடக்கு. அடிக்கேக்கை பிழை விட்டிட்டாங்கள் போல."

"இல்லை, அண்ணை," என்றாள் நாகபூசணி. "முந்தினதுதான் பிழை."

பெருவிரலால் நெற்றிப் பொட்டை ஒருமுறை துடைத்துவிட்டு, மகளிடம் போனாள்.